மாப்பிள்ளையைக் கேட்டு வாங்கிய டி.வி. கேம்

எங்க அத்தானை எனக்குப் பிடிக்காது. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே பிடிக்கவில்லை. இன்று அவருக்குத் தலை நரைத்து, சர்க்கரை வந்து, மாத்திரை டப்பாவும் கையுமாக அலைகிற காலத்திலும் பிடிக்கவில்லை. நல்லது கெட்டதில் பார்த்தால் "வாங்க அத்தான்" என்பேன். அவரும் "ம், வா" என்பார். அதோடு சரி. அப்படி என்னதான் பகை என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு டி.வி. கேமால் வந்தது என்றால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு என்ன, கேட்டதெல்லாம் கையில் கிடைக்கிறது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. நாங்கள் திருநெல்வேலி டவுனில் இருந்தோம். அப்பா கணக்கு வாத்தியார். பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டால் என்ன கேட்டாலும் வாங்கித் தருகிறேன் என்று இளைய மகளான எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கைக்கடிகாரம் கேட்பேன், மிஞ்சிப் போனால் சைக்கிள் கேட்பேன் என்று நினைத்திருப்பார். நான் நூறு வாங்கிவிட்டுக் கம்ப்யூட்டர் கேட்டேன்.

அந்த ஆசை பள்ளிக்கூடத்தில் பிடித்தது. அங்கே கம்ப்யூட்டர் அறை என்று ஒன்று. செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, கர்ப்பக்கிரகத்துக்குள் போகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு போக வேண்டும். ஒரு பெட்டிக்கு நாலைந்து பேர் முண்டியடிப்போம். டீச்சர் வெளியே போன நேரம் அதில் ஒரு கார் ஓட்டுகிற விளையாட்டைப் போட்டுவிடுவோம். இதையெல்லாம் யாரோ உட்கார்ந்து வரி வரியாக எழுதித்தான் செய்கிறார்கள் என்று ஒரு நாள் டீச்சர் போகிற போக்கில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுதுகிறதா? அப்படியென்றால் நானும் எழுதலாமே. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே கிடையாது. விளையாடவும் வேண்டும், விளையாட்டை எழுதவும் வேண்டும், அதற்கு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

அப்பா மறுக்கவில்லை. ஆவணியில் அக்கா கல்யாணம் முடியட்டும், தீபாவளிக்குப் பார்க்கலாம் என்றார். நானும் பொறுத்துக்கொண்டேன். பொறுத்ததுதான் தப்பாகப் போயிற்று. கல்யாணம் முடிந்ததும் வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை வந்துவிட்டாரே! எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்று ஒருவர் வந்துவிட்டால் அதற்கப்புறம் மாமனார் வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதென்றாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மரியாதைக் குறைச்சல். கேட்டால் அவர் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும், சும்மா இருந்தால் அவருக்கு மரியாதைக் குறைச்சல்.

அத்தானுக்குச் சேரன்மகாதேவியில் ஓர் ஆபீசில் வேலை. அந்த ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அவரை யாரும் அதைத் தொடவிட்டதில்லை என்று அக்கா பின்னால் சொன்னாள். ஆனால் தலைத்தீபாவளிக்கு வந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டியில் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்து அப்பா பவ்யமாகக் கேட்டபோது, என்னவோ அவரே கண்டுபிடித்த சாமான் மாதிரிப் பேச ஆரம்பித்தார். கம்ப்யூட்டருக்கு ஏ.சி. ரூம் வேண்டும், இல்லாவிட்டால் சூடேறி உள்ளே உருகிவிடும் என்றார். தேரோட்டத்தன்று நம் தெருவில் கிளம்புகிற புழுதிக்கு அது ஒரு நாள் தாங்காது என்றார். பல்லி உள்ளே போய்விட்டால் மொத்தமும் அவுட் என்றார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். வகுப்பில் ஒரு படி விட்டு எழுதினாலும் மார்க் குறைக்கிற மனிதர் அவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் ஏ.சி.யும் இல்லை, ஒன்றும் இல்லை, தலைக்கு மேலே காத்தாடிதான் சுற்றுகிறது, எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் ஓடுகிறது என்றேன். அத்தான் என் பக்கம் திரும்பாமல் அப்பாவிடமே பதில் சொன்னார். அது வாடகைக்கு விடுகிற சாமான், வீட்டுச் சாமான் வேறே, என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கிவிட்டது.

பிள்ளைக்கு விளையாட்டுத்தானே ஆசை, டி.வி. கேம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள் மாமா, அதற்கு ஏ.சி.யும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீட்டு டி.வி.யில் சொருகினால் ஓடும் என்று அத்தானே முடித்தும் வைத்தார். காயல்பட்டினத்தில் அவருக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் துபாயிலிருந்து அப்படி ஒன்று வந்து பிரிக்காமல் கிடக்கிறதாம், அதையே முடித்துத் தருகிறாராம். டி.வி. கேமில் எவனோ எழுதியதைத்தான் விளையாடலாம், கம்ப்யூட்டர் என்றால் நானே எழுதலாம் என்று அப்பாவிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். மாப்பிள்ளையிடம் கேட்டாகிவிட்டது, அவர் சொல்லிவிட்டார், இனி மாற்றினால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். நூற்றுக்கு நூறு வாங்கியது நான். கேட்கப்பட்டது அவர். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

டி.வி. கேம் வந்தது. கறுப்புப் பெட்டி, கையில் பிடித்து அமுக்க இரண்டு கட்டைகள், சொருகுவதற்குச் சில கேசட்டுகள். எனக்கு வாங்கியது என்று பேர். அத்தான் வீட்டில் அப்போது டி.வி. கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். மாமனார் மாமியார் மேல் என்ன பாசம் பார் என்று தெருவே மெச்சியது. வந்த மனிதர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், பாயை விரிக்கச் சொல்வார், முதல் கட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டாவது கட்டை எனக்கு. அவர் அடிப்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே.

இரண்டு பேர் எதிரெதிரே நின்று கையாலும் காலாலும் அடித்துக்கொள்கிற ஆட்டம் அது. யாருக்கு உயிர் எவ்வளவு மிச்சம் என்று மேலே இரண்டு பட்டைகள் காட்டும். பட்டை தீர்ந்தவன் மல்லாந்து விழுவான். அத்தானுக்கு அந்தக் கேசட்டைத் தவிர வேறு எதுவும் பிடிக்காது. எப்போதும் ஒரே தாடிக்காரனை எடுப்பார், ஒரே பொத்தானைப் போட்டு டொக்கு டொக்கென்று அமுக்குவார். முதல் ஞாயிற்றுக்கிழமை நான் அவரை அடித்து விழத்தட்டப் போன நேரம் இடுப்பில் சுரீரென்று ஒரு கிள்ளு விழுந்தது. திரும்பினால் அம்மா. பின்னால் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே கிள்ளியிருக்கிறாள். அப்புறம் அடுப்படியில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். மாப்பிள்ளை தோற்கக் கூடாதாம். தோற்றால் முறுக்கிக்கொள்வார், முறுக்கிக்கொண்டால் அக்காதான் அங்கே அனுபவிக்க வேண்டும். ஆகவே நான் தோற்றுக் கொடுக்க வேண்டும்.

ஐப்பசி மிச்சமும் கார்த்திகை முழுக்கவும் தோற்றுக் கொடுத்தேன். எழுந்து போய்க் காபி கொண்டு வந்து கொடுத்துவிட்டு வந்து தோற்றேன். வெற்றிலை மடித்துக் கொடுத்துவிட்டுத் தோற்றேன். அவர் ஒவ்வொரு தடவை ஜெயிக்கும்போதும் அப்பா "மாப்ள கை வேகம் ஆருக்கு வரும்" என்பார். எனக்கு அப்பாவைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும். ஆனால் வாரத்தில் மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பா டியூஷன் முடித்து வருவதற்குள், அந்தத் தாடிக்காரனைத் தனியாக வைத்து நொறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் காலைத் தூக்குமுன் எவ்வளவு நேரம் தடுமாறுவான், எந்த அடிக்குக் குனிவான் என்று எல்லாம் எனக்கு அத்துப்படி. அத்தான் மேல் இருந்த கோபத்தில் கற்றுக்கொண்டது, அதனால் சீக்கிரம் வந்துவிட்டது.

மார்கழியில் ஒரு ஞாயிறு. சாப்பாட்டுக்கு முந்தின ஆட்டத்தில் அவர் ஜெயித்துவிட்டு நல்ல குஷியில் இருந்தார். அப்பாவும் பக்கத்தில் இருந்தார். என்னளா, கம்ப்யூட்டர் ஆசை இன்னும் இருக்கா, போயிட்டா, என்று அத்தான் என்னைச் சீண்டினார். அவரே தொடர்ந்து சொன்னார்.

"ஒரே ஒரு ஆட்டம் என்னைய ஜெயிச்சுப் பாரு. மாமாட்ட நானே சொல்லுதேன், கொழுந்தியாளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுங்கன்னு."

அப்பா சிரித்தார். மாப்பிள்ளை சொன்னால் நாளைக்கே வாங்கிவிடலாம் என்றார். அவர் வாயால் வந்துவிட்டது அல்லவா? ஏ.சி., புழுதி, பல்லி எல்லாம் எங்கே போயிற்று? கட்டையை எடுத்தேன். தொப்பை வைத்த ஓர் ஆள் உண்டு, அவனை நான் அத்தான் முன்னால் எடுத்ததே கிடையாது, அவனை எடுத்தேன். தாடிக்காரனின் பட்டை பாதிக்குமேல் இறங்கியிருக்கும். பட்டென்று கரண்ட் போய்விட்டது.

அத்தான் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கடவுளாகப் பார்த்து நிறுத்திவிட்டார் என்று சொல்லிச் சிரித்தார். அம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அக்கா அம்மியில் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். ஏட்டி, உனக்குப் புத்தி கித்தி இருக்கா, கரண்ட் வந்ததும் ஒழுங்காகத் தோற்றுவிடு, இவள் அந்த மனுசனோடுதான் காலம் தள்ளணும் என்றாள் அம்மா. நான் அக்காவைப் பார்த்தேன். ஜெயிக்க வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவள் குழவியை இழுத்து இழுத்து அரைத்துக்கொண்டே இருந்தாள்.

கரண்ட் வந்தது. முதலிலிருந்து ஆட வேண்டும் என்றார் அத்தான். ஆடலாம் என்றேன். அம்மா வந்து பின்னால் உட்கார்ந்துவிட்டாள். தாடிக்காரன் முதல் அடி வாங்கியதும் முதல் கிள்ளு விழுந்தது. அவன் வாங்க வாங்க எனக்கும் விழுந்துகொண்டே இருந்தது. கிள்ளுகிறதென்றால் கிள்ளிக்கோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன். அத்தான் பொத்தானை நொறுக்குகிற சத்தம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் தாடிக்காரன் மல்லாந்தான். தொப்பைக்காரன் கையைத் தூக்கிக் குதித்தான்.

அத்தான் கட்டையைப் பாயில் வைத்தார். எழுந்து ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அடுப்படிப் பக்கம் பார்த்து, கிளம்பு, என்றார். அப்போதுதான் இலை போடப் போகிற நேரம். அப்பா பதறிப் போனார். சின்னப் பிள்ளை விளையாட்டு மாப்ள, இதுக்குப் போயி, என்று வாசல் வரைக்கும் பின்னாலேயே ஓடினார். திரும்பி வந்து என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். எதற்கு மன்னிப்பு? ஜெயித்ததற்கா? முடியாது என்றேன். அப்பா அதுவரைக்கும் என்னை அடித்ததில்லை, அன்றும் அடிக்கவில்லை. அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தார். குனிந்து அந்தக் கறுப்புப் பெட்டியின் வயரைப் பிடுங்கி, கட்டை, கேசட் எல்லாவற்றையும் அதன் அட்டைப்பெட்டியில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டி, மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.

அத்தான் வேண்டாம் என்று சொல்வாரென்று பார்த்தேன். வாங்கிக்கொண்டார். வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருவில் இரண்டு பேர் காதில் விழுகிற மாதிரிச் சொன்னார். "நான் பேச்சு மாறமாட்டேன் மாமா. உங்க மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்துருங்க."

அக்கா பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். வாசப்படியில் ஒரு நிமிஷம் நின்றாள். "நீ ஜெயிச்சிட்ட. இனி தோக்கதுக்கு நான்லா போறேன்" என்றாள். அவள் குரலில் அவ்வளவு வெறுப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அது என் மேலா, அவர் மேலா என்று அன்றைக்குத் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? மாப்பிள்ளையே வாயைத் திறந்து வாங்கிக் கொடு என்று சொல்லியாயிற்றே. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வாரம் கழித்து அப்பாவிடம் கேட்டேன். அப்பா என்னைக் கணக்குத் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "அந்தச் சாமான் இந்த வீட்டுக்குள்ள வந்தா, மாப்ள தோத்தது நெலச்சு நின்னுரும்லா. வாரவன் போறவன்லாம் இது எப்ப வாங்குனதுன்னு கேப்பான். நான் என்ன சொல்ல?"

தோற்றால் கம்ப்யூட்டர் இல்லை. ஜெயித்தால், ஜெயித்த காரணத்தால் இல்லை. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ! அதோடு விட்டாரா? தை பிறந்ததும் அக்காவுக்குப் பொங்கல்படிச் சீர் கொண்டு போக வேண்டுமே. பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, வெண்கலப்பானை எல்லாம் வாங்கினார். கூடவே ஒரு புது கலர் டி.வி.யும் வாங்கினார். மாப்பிள்ளை மனசு குளிர வேண்டுமாம். எனக்குக் கம்ப்யூட்டருக்கென்று எடுத்து வைத்திருந்ததில் வாங்கியது அது என்று அம்மாதான் சொன்னாள், ஏதோ நல்ல காரியத்துக்கு ஆயிற்று என்பதுபோல. டி.வி. ஏறிய வேன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் வெளியே வரவில்லை. எங்கள் வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வரவே இல்லை. நான் அந்தப் படிப்பும் படிக்கவில்லை.

அக்காவை நினைத்தால் மட்டும் தூக்கம் வராது. புது டி.வி. போய்விட்டது, அந்தப் பெட்டியும் அங்கே இருக்கிறது. தினம் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆட்டத்தில் அடித்துக்கொண்டிருப்பார் என்று தோன்றும். பரீட்சை முடிந்ததும் என்னைச் சேரன்மகாதேவிக்கு அனுப்பினார்கள். அத்தானிடம் நல்ல பேர் வாங்கிக்கொண்டு வா என்றாள் அம்மா.

போனபோது அத்தான் டி.வி.யில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புப் பெட்டியைக் காணவில்லை. தேடினால் பீரோவுக்கு மேலே, அப்பா கட்டின அதே அட்டைப்பெட்டியில், கட்டிப்போட்டுக் கிடந்தது. இப்ப விளையாடுறதில்லையா அத்தான் என்று கேட்டேன். அது கெட்டுப்போச்சு, என்றார், முகத்தைத் திருப்பாமல்.

அடுப்படியில் அக்கா வாழைப்பூவுக்கு நரம்பு எடுத்துக்கொண்டிருந்தாள். எப்படிக்கா கெட்டுப் போச்சு என்று கேட்டேன். அவள் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"கெடவெல்லாம் இல்ல," என்றாள். "டி.வி. வந்த நாள்லருந்து என்னைய உக்கார வச்சு அடிச்சாக. நானும் தோத்துக் குடுத்தேன், நீ குடுத்த மாதிரி. ஒருநா என்னவோ நெனப்பு வந்துட்டு. கல்யாணத்தன்னைக்குக் கொடத்துக்குள்ள கைய விட்டு மோதிரம் எடுக்கச் சொன்னாங்கல்லா, மொதல்ல எங்கையிலதான் சிக்குச்சு. அம்மா கண்ணக் காட்டுனா. தண்ணிக்குள்ளயே அவுக கைக்குத் தள்ளி விட்டுட்டேன். எல்லாரும் கை தட்டுனாங்க."

ஒரு மடலை உரித்துப் போட்டாள்.

"அன்னைக்குத் தள்ளி விட்டேன். இந்த ஆட்டத்த விடல."

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"என்ன ஆவும்? கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாமப் படுத்துக்கிட்டாக. நான் வட்டில்ல சோத்தப் போட்டுச் சாப்பிட்டேன். மறுநா அவுகளாவே வந்து உக்காந்து, சோறு போடுன்னாக." அவ்வளவுதான் என்பதுபோல வாழைப்பூவைக் கழுவ எழுந்தவள், நின்று திரும்பினாள். "அம்மாட்ட சொல்லிராத."

காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அத்தானுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவரைப் பார்க்கவில்லை. பீரோ மேலிருந்த அந்த அட்டைப்பெட்டியையே பார்த்துக்கொண்டு, அவசரமில்லாமல், பைய, ஒரு வாய் ஒரு வாயாகக் காபியைக் குடித்தேன். அத்தான் எழுந்து போய் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.